இருபத்தாறு இன்ச் நன்றி

நல்லூர், திருப்பூர்.
செவ்வாய்க்கிழமை காலை.

சாமளாபுரம் மாப்பிள்ளை குமாரவேல் அவர்களுக்கு,

நல்லூர் ஆத்தப்பன் மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அக்கா சித்ரகலாவும், உங்கள் மருமகள் மைதிலியும் சுகம். அங்கு நீங்களும், தங்கை மருதாளும், பன்னிரண்டு தறிகளும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் இரண்டு முறை நன்றி சொல்லிப் பார்த்துவிட்டேன். முதல் முறை, "எதுக்குங்க மாமா?" என்றீர்கள். இரண்டாம் முறை, "நான் என்னங்க மாமா பண்ணுனேன்?" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் நூல் விலைக்குப் போய்விட்டீர்கள். செய்த உதவியை மறப்பது பெரிய மனிதர்களின் குணம்தான். அதற்காக வாங்கிக்கொண்டவனும் மறந்துவிட முடியுமா? பேச்சை மாற்ற முடியாத இடத்தில் உங்களை உட்கார வைத்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு கடைசி வரை படிக்கவும்.

மைதிலியின் சைக்கிள் விஷயம் உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். மீதியை உங்கள் அக்கா மறைத்திருப்பாள். அவள் ஓட்டுவது கடைக்குப் போய்வருகிற சைக்கிள் அல்ல. மண்ணை ஆள் உயரத்துக்குக் குவித்து, அதன் மேல் வேகமாக ஏறி, காற்றில் பறந்து, அடுத்த குவியலின் சரிவில் இறங்குகிற சைக்கிள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி இறங்குகையில் மணிக்கட்டு உடைந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கட்டோடு இருந்த மூன்று நாளில், பயத்தில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. அழவும் இல்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதற்கு மூன்று சொல் மட்டும் வைத்துக்கொண்டாள்: "ம்", "சரிங்கப்பா", "சாப்ட்டேன்". முப்பத்துநான்கு வருடம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஃபிட்டராக நின்றவனுக்கு வீட்டில் சத்தம் இல்லை என்பதே தெரியவில்லை. ரிட்டயர் ஆகி, வலது காதைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இடது காதோடு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், மகள் என்னிடம் பேசுவதில்லை என்பது மெதுவாக என் காதில் விழுந்தது.

இப்படி இருக்கையில், போன ஆடி மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. மைதிலி தன் சம்பளத்தில் சேர்த்து வாங்கிய சைக்கிள் சட்டம். பெட்டியைத் திறந்து பார்த்த உங்கள் அக்கா, "ஏனுங்க, பாதிய வழியில எவனோ எடுத்துட்டானாட்ட இருக்குதுங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, கியர் இல்லை, சீட்டு முழங்கால் உயரத்தில் இருக்கிறது, பிரேக் பின்னால் மட்டும் ஒன்று. சக்கரம் இரண்டும் இல்லை. சக்கரம் தனியாக வாங்க வேண்டுமாம். அன்று சாயங்காலம் மைதிலி மாடிப்படியில் உட்கார்ந்து, கூட ஓட்டுகிற ரைசாவிடம் போனில் பேசியது என் இடது காதில் விழுந்தது. "இருபத்துநாலு போடறதா, இருபத்தாறு போடறதான்னே தெரியலடி. மூணு வாரந்தான் இருக்குது கோயமுத்தூர் மீட்டுக்கு." மீட் என்றால் இந்தத் தாவல்காரர்கள் கூடி நடத்துகிற போட்டியாம்.

மாப்பிள்ளை, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபத்துநாலு, இருபத்தாறு! உங்களுக்குத் தறி எப்படியோ எனக்கு அப்படி நிட்டிங் மிஷின். அந்த மிஷினின் உருளைக்கு எத்தனை இன்ச் டயா, அதாவது விட்டம், என்பதுதான் என் வாழ்க்கை. பனியனுக்கு எத்தனை டயா, குழந்தை ஜட்டிக்கு எத்தனை டயா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனை நாளாக மகளோடு பேச ஒரு விஷயம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, கடவுளே இறங்கி வந்து இன்ச் கணக்கை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அவளிடம் போய், "என்ன கண்ணு சந்தேகம்?" என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நான் கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்த நினைத்தேன்.

மறுநாள் அவள் கம்பெனி வேனில் ஏறிப் போனதும் நான் டவுனுக்குப் பஸ் ஏறினேன். சைக்கிள் கடைக்காரரிடம், "மண்ணு மேல தாவற சைக்கிளுக்குச் சக்கரம் வேணுமுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாருங்க தாவறது?" என்றார். "மகளுங்க" என்றதும் முகம் தெளிந்து, "இருபத்தேழரை எடுத்துக்கங்க. இப்ப அதுதானுங்க ஓடுது" என்றார். இருபத்துநாலா இருபத்தாறா என்று குழம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, இரண்டையும் விடப் பெரியதைக் கொண்டு போனால் குழப்பமே தீர்ந்தது அல்லவா? டயரோடு ஜோடியாக வாங்கி, ஆளுக்கொரு தோளில் மாட்டிக்கொள்ள இன்னொரு ஆள் இல்லாததால் இரண்டையும் நானே மாட்டிக்கொண்டு நல்லூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், "ஏனுங்க, சைக்கிளு எங்கீங்க?" என்றார். "ஊட்டுல இருக்குதுங்க." "அப்ப சக்கரம் மட்டும் ஊர் சுத்திப் பாக்க வந்துச்சாக்கு?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுத் தையல்காரர் டயரில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, என்னிடம் கையை விரித்து ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு அதில் 'படா' மட்டும் புரிந்தது. பெரியது என்று பாராட்டுகிறார் என நினைத்து, "ஆமாங்க, ஆமாங்க" என்று கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டேப் வைத்து அளந்தேன். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மை மட்டும் அளந்தால் இருபத்துமூன்றரைதான் வருகிறது! நான்கு இன்ச்சைக் கண்ணெதிரே திருடிவிட்டார்கள் என்று கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "டயரு, காத்து எல்லாம் சேத்துத்தானுங்க இருபத்தேழரை" என்றார் அவர். காற்றையும் சேர்த்து விற்கிற வியாபாரத்தை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் மாட்ட ஆரம்பித்தேன். முன்சக்கரம் எப்படியோ உள்ளே போயிற்று. பின்சக்கரம் போகவில்லை. மிஷின் மறுத்தால் ஃபிட்டர் விடுவானா? காற்றை இறக்கினேன், மரச் சுத்தியலால் செல்லமாக நான்கு தட்டுத் தட்டினேன், உள்ளே உட்கார்ந்தது. சந்தோஷத்தில் பம்ப் எடுத்துக் காற்று அடித்தேன். டயர் ஊதிப்போய்ச் சட்டத்தின் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சுற்றவில்லை. வெளியேயும் வரவில்லை. உங்கள் அக்கா சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, மாடியில் குடியிருக்கும் தென்காசிக்காரர் மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டு, நானும் அவரும் அரை மணி நேரம் இழுத்தோம். மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. கடைசியில் மாரிச்செல்வம் மெதுவாக, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. காத்தத் தொறந்து விட்டா தானா வந்துரும்லா?" என்றார். "அத ஏனுங்க மொதல்லயே சொல்லல?" என்றேன். "நீங்க பெரிய ஃபிட்டரு. ஏதோ காரணமாத்தான் இழுக்கியன்னு நெனச்சேன்" என்றார். காற்றைத் திறந்ததும் சக்கரம் வந்தது, அந்த வேகத்தில் மூன்று பேரும் பின்னால் விழுந்தோம். மூட்டையில் கட்டி வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணி மேல் விழுந்ததால் எலும்பு பிழைத்தது. சட்டம் பிழைக்கவில்லை. புதுப் பெயிண்டில் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு இரண்டு கீறல்.

ஆறரைக்கு மைதிலி வந்தாள். சட்டத்தைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், கையில் மரச் சுத்தியலோடு நின்ற என்னைப் பார்த்தாள். "யாருப்பா உங்கள இதக் கேட்டா?" என்றாள். இரண்டு வருடத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான், மாப்பிள்ளை. பதில் சொல்வதற்குள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு தடவை பயத்தில் அவள் சைக்கிளை அழித்தேன். இன்னொரு தடவை பாசத்தில். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். உங்கள் அக்கா வடித்த சாதமும் அன்று குழைந்திருந்தது.

அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன். வேறு யாரிடம் சொல்வேன்? உங்கள் தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. என் தொண்டையும் சரியில்லை. "புள்ளைக்குச் சக்கரம் வாங்கிட்டு வந்தேனுங்க, பேச மாட்டீங்குது" என்றேன். நீங்கள் அதற்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

"புள்ள என்ன சைசு கேட்டுச்சுங்க?"

"கேக்கலீங்க. நானாத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"ஏனுங்க, ஒரு பார்ட்டி வந்து மிஷின் போடோணும்னு நின்னா, எடுத்த எடுப்புல டயா சொல்லிருவீங்களாக்கு?"

"அதெப்படிங்க? என்ன துணி, யாரு போடற பனியனு, எல்லாங் கேட்டுப்போட்டுத்தான் சொல்லுவேன்."

"ஊரான் பனியனுக்கு அத்தன கேள்வி கேக்கறீங்க. பெத்த புள்ளைகிட்ட ஒண்ணு கேக்கப்படாதுங்களா? போயி அது ஓட்டறத ஒருக்கா கண்ணால பாத்துட்டு வாங்க. அப்பறம் இன்ச்சப் பேசலாம்."

இவ்வளவுதான். வைத்துவிட்டீர்கள். தறிக்காரரான உங்களுக்கு நிட்டிங் டயா இத்தனை நுணுக்கமாகத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உங்கள் அக்காவைக் கட்டிய இருபத்தாறு வருடத்தில் உங்களை இவ்வளவு குறைவாக எடை போட்டிருந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதிலி ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது, "நானும் வரட்டுமா கண்ணு? ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். பாக்கறதோட சரி" என்றேன். நாடாவைக் கட்டி முடித்துவிட்டு, "ஹெல்மெட் போட்டுக்கங்க" என்றாள். ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து போனேன். பல்லடம் ரோட்டில், எப்போதோ மூடிப்போன ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால், மண்வெட்டியால் அவர்களே வெட்டிக் குவித்த மூன்று மண்மேடுகள். ரைசாவும், எங்கள் தெரு சரவணக்குமாரும் அங்கே இருந்தார்கள். ரைசாவின் சைக்கிள் இருபத்தாறு, சரவணக்குமாருடையது இருபத்துநாலு. இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கி மைதிலி ஓட்டினாள். முதல் தடவை அவள் மேட்டிலிருந்து கிளம்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'கண்ணால பாத்துட்டு வாங்க' என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. திறந்தேன். மாப்பிள்ளை, என் மகள் ஆகாயத்தில் இருந்தாள். சக்கரம் இரண்டும் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, அவள் மட்டும் அவசரமே இல்லாமல், அடுத்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்துநான்கு வருடம் சுற்றுகிற உருளைகளையே பார்த்தவன் நான். அப்படி ஒரு சுற்று பார்த்ததில்லை.

பழக்கதோஷம், பாக்கெட் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இளைப்பாற வந்தவளிடம், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே, முதல் கேள்வியைக் கேட்டேன். "எதுக்கு கண்ணு இருபத்துநாலா இருபத்தாறான்னு கொழம்பற?"

"இருபத்துநாலு சின்னதுங்கப்பா. காத்துல வெடுக்குனு திரும்பும். நான் குட்டையா இருக்கறனால அதுதான் எனக்குத் தோதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இருபத்தாறு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ஆனா வேகம் நிக்கும், குழியில எறங்காது."

"கோயமுத்தூர்ல சிமெண்டுத் தரையில சுத்தோணுமா, மண்ணுல தாவோணுமா?"

"மண்ணுங்கப்பா. வரிசையா மூணு மேடு."

நோட்டைக் காட்டினேன். "இருபத்துநாலுல ஏழு தடவ போன. முதல் மேடு ஏழும் சுத்தம். ரெண்டாவதுல வேகம் பத்தாம நாலு தடவ பின்சக்கரம் மண்ண இடிச்சுது. இருபத்தாறுல ஒரே ஒருக்காத்தான் இடிச்சுது. அது மட்டுமில்ல கண்ணு. இருபத்துநாலுல எறங்கறப்பல்லாம் நீ கீழுதட்டக் கடிக்கற. இருபத்தாறுல கடிக்கவே இல்ல."

"நான் கடிக்கறனா?" என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். உள்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. ரைசாவைப் பார்த்து, "ஏண்டி, நீ பாத்ததில்லையா?" என்றாள். "நான் உன் சக்கரத்தப் பாப்பனா, மூஞ்சியப் பாப்பனா?" என்றாள் ரைசா. மைதிலி சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் பார்த்து வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் நான் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு, "பழைய சைக்கிள நான் இரும்புக்குப் போட்டிருக்கக் கூடாது கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை மூடினாள். "அதுக்கு பிரேக்கே சரியாப் புடிக்காதுங்கப்பா. போட்டது நல்லதுதான். சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருடத்துப் பாரம் இரண்டு வரியில் இறங்கிற்று.

இருபத்தாறு என்று முடிவு செய்தது அவள்தான். ஆனால் இப்போது அந்த அளவு கடைகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரைசா கோவையில் சொல்லிவைத்து, ரிம் தனியாக, நடு ஹப் தனியாக, கம்பிகள் தனியாக வாங்கிவந்தாள். "கோக்கறதுக்குக் கடையில குடுக்கோணும்" என்று மைதிலி சொன்னபோது நான் முந்திக்கொள்ளாமல் கம்பிகளை எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் அவளே, "அப்பா, நீங்க கோப்பீங்களா?" என்றாள். சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி. ஆயிரக்கணக்கான ஊசியை வரிசை பிசகாமல் நிறுத்தியவனுக்கு முப்பத்திரண்டு என்ன பெரிது? பெரிதுதான். முதல் நாள் கோத்த சக்கரம் முட்டை மாதிரி ஆடியது. இரண்டாம் நாள், மிஷின் உருளையின் கோட்டம் பார்க்க வைத்திருந்த டயல் கேஜைத் தேடி எடுத்தேன். அதன் காந்தக் காலை ஒட்டவைக்க நல்ல இரும்பாக வேண்டுமே என்று உங்கள் அக்காவின் பீரோவில் ஒட்டினேன். சக்கரம், முள், நான், எல்லாம் பீரோ முன்னால். வேலை முடியும்வரை பீரோவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வளைகாப்புக்கு உங்கள் அக்கா கொடியில் கிடந்த சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் என்னைப் பேசியிருப்பாள். ஆனால் மூன்றாம் நாள் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் முள் அசையவே இல்லை. மைதிலி ஓசையில்லாமல் பின்னால் வந்து நின்று, அது தானாக நிற்கும்வரை பார்த்தாள். "சூப்பருங்கப்பா" என்றாள். கம்பெனி எனக்கு விடைகொடுத்தபோது போட்ட சால்வை அந்த பீரோவில்தான் இருக்கிறது. அது என்ன கலர் என்று இப்போது எனக்கு நினைவில்லை.

கோவை மீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். முதல் ஓட்டத்தில் மூன்றாவது மேட்டில் மைதிலி விழுந்தாள். உங்கள் அக்கா, "சாமீ!" என்று போட்ட சத்தத்தில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். நான் தடுப்புக் கயிற்றைத் தாண்டப் போனேன். அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்து, கூட்டத்துக்குள் என்னைத் தேடி, மணிக்கட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள், ஒன்றுமில்லை என்று. இரண்டாவது ஓட்டத்தில் மூன்று மேடும் சுத்தம். பெண்கள் ஏழு பேரில் நான்காவது இடம். நான்காவதுக்குப் பரிசு கிடையாது, எல்லோருக்கும் ஒரு டி-ஷர்ட். வாங்கிப் பார்த்தேன். நம்ம ஊர் சரக்குதான், கழுத்துப் பட்டையில் தையல் இழுத்திருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது, "அங்கிள், கோட்டம் எடுக்கோணும்" என்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மைதிலி வேலைவிட்டு வந்ததும், எங்கே எந்த மேட்டை உயர்த்தினார்கள் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்கிறாள். சில நாள் நானே, "சரி கண்ணு, தூங்கு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இருபத்தேழரை ஜோடியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. உங்கள் அக்கா மொட்டைமாடியில் வடகத் துணி பறக்காமலிருக்கப் பாரம் வைத்திருக்கிறாள். வடகம் நன்றாகக் காய்கிறது. இத்தனையும் நீங்கள் அன்று போனில் சொன்ன நான்கு வார்த்தையால் வந்தது. சக்கரம் வாங்கித் தர யாராலும் முடியும். போய்ப் பார் என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அடுத்த வாரம் நேரில் வந்து போடுகிறோம்.

தங்கை மருதாளுக்கு எங்கள் அன்பு. தறிகளுக்குக் கரண்டு தடையில்லாமல் வரட்டும், பாவு நூல் அறாமல் ஓடட்டும், உங்கள் குடும்பம் நூறு வருடம் நல்லா இருக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
ஆத்தப்பன்

பி.கு.: கவரில் எழுத உங்கள் கதவு எண்ணைத் தேடிப் போனை எடுத்தவன், நாள் தேதி சரியாக இருக்கட்டும் என்று, அன்று சாயங்காலம் உங்களோடு பேசியதையும் பார்த்தேன். அன்று உங்கள் நம்பருக்கு நான் பேசவே இல்லை. குமாரவேல் என்று என் போனில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பேசியது எங்கள் பழைய கம்பெனிக்கு மிஷின் ஊசி கொண்டுவருகிற குமாரவேலோடு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி ஊசி சரியில்லை என்று பத்துப் பேர் முன்னால் நான் திட்டி அனுப்பி, அப்புறம் பேச்சே நின்றுபோன குமாரவேல். இப்போதுதான் அவருக்குப் போன் போட்டேன். "நீங்கதான்னு தெரியுமுங்க மாஸ்டர். அழுதுட்டே பேசுனீங்க, அதான் ஒண்ணுங் கேட்டுக்கல" என்றார். தறிச் சத்தம் என்று நான் நினைத்தது, அவர் ஊசி கொடுக்கப் போயிருந்த கம்பெனியின் மிஷின் சத்தமாம். நாளைக்குக் காலையில் நானும் மைதிலியும் அவர் வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளை, எழுதின நன்றியை அடித்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து முன்பணமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் உங்களிடம் வேலை இல்லாமல் போகுமா?